இசைத்தட்டில் வாழும் இன்குரல்: செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா

நாதவடிவாய் விளங்கும் இறைவனை நாதத்தாலேயே வழிபடுவது தமிழர்க்குத் தொன்றுதொட்டு வந்த நெறியாகும். கெடா மாநிலத்துத் திருக்கோயில்களில் கொடியேறும் நாளன்று, விடியற்காலையில் ஒலிபெருக்கியிலிருந்து எழும் குரல்களுள் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் கம்பீரக் குரலும் ஒன்று. முருகப்பெருமானை அழைக்கும் அக்குரலைக் கேளாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை இந்நாட்டுத் தோட்டப்புறங்களில் அரிது. வெள்ளைச் சேலையும் திருநீறு துலங்கும் நெற்றியுமாக அம்மையார் திரையில் தோன்றிய ஔவையார் திருக்கோலமும் பலர் நெஞ்சில் பதிந்தது. ஆயின் அந்த வெள்ளைச் சேலைக்குக் காரணமானவரை இன்று அறிந்தோர் சிலரே. ஒரு காலத்தில் தமிழகத்து நாடக மேடைகளையெல்லாம் தம் ஒரு குரலால் ஆண்டு, இருபத்தேழு வயதிலேயே மறைந்துபோன செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவே அவர்.

கிட்டப்பா திரைப்படம் எதிலும் நடித்தாரில்லை. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்தது. அடுத்த ஈராண்டில் அவர் காலமானார். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. ஆகவே அதிலும் அவர் பாடியதில்லை. அவர் நடந்த நடையையும் நடித்த நடிப்பையும் நேரில் கண்டவர்கள் அநேகமாக எல்லாரும் இன்று மறைந்துவிட்டனர். எஞ்சி நிற்பவை கரிய நிறத்து அரக்குத் தட்டுகள் மட்டுமே. பத்து அங்குல அகலம், பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு; அவ்வளவே அம்மேதை விட்டுச் சென்ற செல்வம். அத்தட்டுகள் சுழலவில்லை என்றால் அப்படி ஒருவர் இருந்தார் என்பதற்குச் செவியறியும் சான்றே இல்லாமற் போயிருக்கும்.

குற்றால மலைச்சாரலை அடுத்த செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் கிட்டப்பா பிறந்தார். செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தந்தையார் கங்காதர ஐயர். தாயார் மீனாட்சி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன் என்பதாகும். செல்லமாக அழைத்த கிட்டப்பா என்னும் பெயரே பின்னர் நிலைத்து, இட்ட பெயரை மறைத்துவிட்டது. உடன்பிறந்தோர் பலர், வறுமையோ அதனினும் பெரிது. நாடகக் கம்பெனியில் சேர்ந்தால் பிள்ளைகளுக்கு மூன்று வேளை உணவும் உடுக்கத் துணியும் கிடைக்கும் என்ற நிலையில், அக்குடும்பத்துச் சிறுவர்கள் ஒருவர்பின் ஒருவராக மேடையேறினர். நாடகக்காரர் என்றால் கூத்தாடி என்று முகஞ்சுளித்த காலம் அது. நல்ல குடும்பத்தார் நாடகக் கொட்டகைக்குச் செல்வதே இழுக்கு எனக் கருதப்பட்டது. அந்தப் பழிச்சொல்லையும் பசியையும் தராசில் வைத்துப் பார்த்தால் பசியே கனத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நடத்திய சமரச சன்மார்க்க நாடக சபையில் சிறுவன் கிட்டப்பா பயிற்சி பெறும் பேறு பெற்றான். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ முதலிய நாடகங்களைத் தமிழுலகுக்குத் தந்த பெருமகனார் சுவாமிகள். சிறுவர்களையே நடிகர்களாக வைத்து நாடகம் நடத்திய அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில், பாட்டு மனனமாகாத பிள்ளைக்குப் பிரம்படி உறுதி. கிட்டப்பாவுக்கோ ஒருமுறை கேட்ட பாட்டு மறவாது. பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்காத அவருக்குக் காதே பள்ளியாகவும், நாடகக் கொட்டகையே பாடசாலையாகவும் அமைந்தன. ஒரு குருவிடம் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து முறையாகச் சங்கீதம் பயின்றவர் அல்லர் அவர். வித்துவான்களின் கச்சேரிகளையும் கோயில்களில் ஒலித்த நாகசுரத்தையும் கேட்டுக் கேட்டே இராக பாவங்களைத் தமதாக்கிக் கொண்டார். கேள்வி ஞானம் என்று பெரியோர் சொல்லும் சொல்லுக்கு அவரைக் காட்டிலும் சிறந்த சான்று காண்பது கடினம்.

பின்னர் கன்னையாவின் புகழ்பெற்ற நாடகக் கம்பெனியில் கிட்டப்பா சேர்ந்தார். தந்திரக் காட்சிகளுக்கும் பிரமாண்டமான மேடையமைப்புக்கும் பெயர் பெற்ற அக்கம்பெனியின் ‘தசாவதாரம்’ நாடகம் திருமாலின் அவதாரங்களைக் கண்முன் நிறுத்தியது. அதைக் காண வந்தவர்களிற் பலர் காட்சிக்காக வந்து, கிட்டப்பாவின் பாட்டுக்காக மறுநாளும் வந்தனர். அக்கால நாடக மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கீற்றுக் கொட்டகையின் கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். நாடகம் இரவு தொடங்கினால் விடியும்வரை நீளும். ஒரு பாட்டை ‘ஒன்ஸ்மோர்’ கேட்டு மூன்று முறை, நான்கு முறை பாடச் செய்வர். ஆகவே நாடகப் பாடகர்கள் உச்ச சுருதியில் பாடிப் பழகினர். பலருக்கு அந்த உச்சி கூச்சலாக முடிந்தது. கிட்டப்பாவுக்கோ அங்கேதான் குரல் இனித்தது. தார ஸ்தாயியில் மின்னல்போல் பிருகாக்கள் உதிரும். ஆயினும் ஒரு சுரமும் கலங்காது, ஒரு சொல்லும் சிதையாது. கச்சேரி மேடையில் வீற்றிருந்த பெரிய வித்துவான்களே அவரை மதித்தனர் என்றால், நாடகக்காரரைத் தாழ்வாகக் கருதிய அந்நாளில் அது சிறிய செய்தியன்று.

1924ஆம் ஆண்டு கிட்டம்மாள் என்னும் நங்கையை அவர் மணந்தார். ஈராண்டு கழித்து, 1926இல், நாடகம் நடத்த இலங்கைக்குச் சென்றார். அங்கே கொழும்பில் ஏற்கெனவே தம் பாட்டால் பெரும்புகழ் பெற்றிருந்தார் சுந்தராம்பாள். கொடுமுடியில் ஏழ்மையிற் பிறந்து, சிறுமியாக இரயில் வண்டியிற் பாடிப் பிழைத்த நிலையிலிருந்து மேடைக்கு வந்தவர் அவர் என்பது பலரும் அறிந்த வரலாறு. கிட்டப்பாவோடு பாடினால் சுந்தராம்பாளின் புகழ் மங்கிவிடும் என்று சிலர் அஞ்சினர் என்பர். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் அவர் வேலனாகவும் இவர் வள்ளியாகவும் எதிரெதிர் நின்றபோது அவ்வச்சம் பொய்யாயிற்று. ஒருவர் எடுத்த இராகத்தை மற்றவர் தொடுக்க, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் ஏற, அந்த இசைப்போர் காதலாய்க் கனிந்தது. 1927ஆம் ஆண்டு அவ்விருவரும் மணந்து கொண்டனர்.

தினைப்புனம் காக்கும் குறமகளை நாடி வேடனாகவும் விருத்தனாகவும் வேங்கை மரமாகவும் வந்த முருகனின் திருவிளையாடலே அந்நாடகம். அதில் வேடனாக வந்த கிட்டப்பா பாடிய ‘காயாத கானகத்தே’ என்னும் பாட்டு தமிழ் கூறும் நல்லுலகெங்கும் பரவியது. 1945ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்ரீ வள்ளி’ திரைப்படத்தில் டி. ஆர். மகாலிங்கம் அதையே பாடிப் புகழ் பெற்றார். திரைப்படம் பார்த்தவர்களுள் முதியோர் பலர், படக் கொட்டகையில் அமர்ந்தபடியே கிட்டப்பாவை நினைத்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

மேடையில் இணையற்ற அவ்விணை இல்லறத்தில் நெடுநாள் இன்புற்றிருக்க விதி இடந்தரவில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. ஊராரின் சொல்லும், உறவினரின் மனத்தாங்கலும், முதல் மனைவியின் உரிமையும், இருவரது பிடிவாதமும் சேர்ந்து பிரிவை உண்டாக்கின. கணவரைப் பிரிந்த சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய மடல்கள் பின்னாளில் பலராலும் பேசப்பட்டன. எவர்மீது பிழை என்று தீர்ப்புக் கூறுவது இங்கு நோக்கமன்று. முருகனும் வள்ளியுமாய் மேடையில் கூடியவர்கள் வாழ்க்கையில் கூடி வாழ முடியாமற் போயிற்று. அவ்வளவே சொல்லத் தகும்.

நாட்டு விடுதலை வேள்வியிலும் கிட்டப்பாவுக்குப் பங்கு உண்டு. கதரணிந்து, புராண நாடகங்களினிடையே தேசியப் பாடல்களைப் பாடி மக்களை எழுப்பிய நடிகர் கூட்டத்தில் அவரும் ஒருவர். அக்காலத்து நாடக மேடை பக்திக்கும் தேசபக்திக்கும் ஒருசேர இடந்தந்தது.

இனி, அவர் குரலைக் காத்த இசைத்தட்டின் கதையைச் சற்று விரிவாகக் காண்பது பொருந்தும்.

இந்தியாவில் முதன்முதலாகத் தட்டிற் பதிவான குரல்களுள், 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் பதிவான கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலும் ஒன்று. தொடக்கத்தில் இந்தியப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்று தட்டுகளாக அச்சாகித் திரும்பின. 1908ஆம் ஆண்டளவில் கல்கத்தாவிலேயே ஆலை எழுந்த பின்னர் தட்டு விலை குறைந்து ஊர்தோறும் பரவலாயிற்று. மரங்களில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சியின் பிசினோடு கல்மாவும் கரியும் சேர்த்துச் செய்யப்பட்டவை அத்தட்டுகள். நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று. சுருள்வில்லைக் கைப்பிடியால் முறுக்கிவிட வேண்டும். எஃகு முள்ளைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். தேய்ந்த முள்ளைச் சிக்கனம் கருதி மீண்டும் பயன்படுத்தினால் தட்டின் கோடு தேயும். ஒரு சல்லி முள்ளை மிச்சம் பிடித்துப் பல வெள்ளி மதிப்புள்ள தட்டைப் பாழாக்கியவர்கள் அந்நாளில் மிகப் பலர்.

1925ஆம் ஆண்டுக்கு முன்பெல்லாம் பாடகர் ஒரு பெரிய ஊதுகுழலின் வாய்க்குள் தலையைக் கொடுத்தாற்போல் நின்று உரத்துப் பாட வேண்டும். அக்குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். மெல்லிய குரலும் ஆழ்ந்த குரலும் அதிற் பதிவதில்லை. மின்சார ஒலிவாங்கி வந்த பின்னர் நிலைமை திருந்தியது. எனினும் மிகத் தாழ்ந்த ஒலியும் மிக நுண்ணிய ஒலியும் அரக்குத் தட்டின் இரைச்சலில் அமிழ்ந்தே போயின. கொட்டகையின் கடைக்கோடி வரை எட்டுவதற்காகப் பழகிய கிட்டப்பாவின் குரலோ, மழைச்சாரல் போன்ற அந்த இரைச்சலுக்கு மேலே தெளிவாக மிதந்தது. ஒலிபெருக்கி இல்லாத மேடை அவருக்குத் தந்த பயிற்சி, இசைத்தட்டுக்கும் உதவியது. அதே காலத்தில் வாழ்ந்த வித்துவான்கள் சிலரது தட்டுகளைக் கேட்பவர், இவ்வளவுதானா என்று ஏமாறுவதுண்டு. கிட்டப்பாவின் தட்டைக் கேட்பவர் ஏமாறுவதில்லை.

இன்னொரு சோதனையும் அதில் இருந்தது. மேடையில் அரைமணி நேரம் விரித்துப் பாடும் பாட்டை மூன்று நிமிடத்தில் அடக்க வேண்டும். ஆலாபனைக்கு ஒரு நிமிடமும் கிடையாது. சங்கதிகளில் எது வேண்டும், எது வேண்டாம் எனத் தேர்ந்தாக வேண்டும். கட்டுப்பாடற்ற மேடையில் வளர்ந்தவர் இந்தக் கட்டுக்குள் எப்படி நின்றார் என்பது வியப்பே. தியாகராஜ சுவாமிகள் தேவாமிர்தவர்ஷிணி இராகத்தில் அருளிய ‘எவரனி’ கீர்த்தனையை அவர் பாடிய தட்டு இதற்குச் சான்றாகும். சிவனென்பதா, திருமாலென்பதா, நான்முகனென்பதா, யாதென்று உன்னை முடிவு செய்தனர் என இராமபிரானை வினவி, ஐந்தெழுத்திலும் எட்டெழுத்திலும் உயிராய் நிற்கும் எழுத்துகள் கூடியதே இராம நாமம் என்று காட்டும் உயர்ந்த பொருளுடையது அக்கீர்த்தனை. அரிதாகப் பாடப்பட்ட அந்த இராகத்தைப் பாமரரும் முணுமுணுக்கும்படி செய்தது அத்தட்டே. எடுத்த எடுப்பிலேயே உச்சிக்குச் சென்று, அங்கிருந்து பிருகாக்களைப் பொழிந்து, கணக்காகத் தட்டு முடியுமிடத்தில் வந்து நிற்கிறார். வள்ளலாரின் அருட்பாவிலிருந்து அவர் பாடிய விருத்தமும் அவ்வாறே. அதில் தாளக்கட்டு இல்லை. சொல்லும் சுரமும் உருகி ஒன்றாகின்றன. அவருடைய தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியம் பல இடங்களில் தம்பியின் குரலை நிழல்போல் தொடர்ந்தது. ஆர்மோனியத்தைச் சாஸ்திரிய சங்கீதத்துக்கு ஒவ்வாத கருவி எனக் குறை கூறுவோர் உண்டு. கமகம் பேசாத கருவி என்பது உண்மையே. ஆயினும் நாடகப் பாட்டுக்கு அதுவே சுருதியும் அதுவே துணையும் ஆதலால், அக்குறையை இங்கே பொருட்படுத்த வேண்டுவதில்லை.

இத்தட்டுகள் செய்த சமூகப் பணியும் ஒன்று உண்டு. நாடகக் கொட்டகைக்குள் கால் வைக்க மறுத்த குடும்பங்களின் கூடத்துக்குள்ளேயே நாடகக்காரரின் குரல் நுழைந்தது. கொட்டகைக்கு அனுப்பப்படாத பெண்கள் அடுக்களையில் இருந்தபடி கேட்டனர். கூத்தாடி என்று இகழ்ந்தவர்களே கிட்டப்பாவின் தட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தனர்.

கடல் கடந்த மலாயாவிலும் பாட்டுப்பெட்டி தமிழர் வாழ்வில் இடம்பெற்றது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் பினாங்குத் துறைமுகத்தை அடைந்தன. 1926ஆம் ஆண்டு முதல் ஓடிய ‘ரஜூலா’ கப்பலை அறியாத மூத்த தலைமுறையினர் இல்லை. தோட்டத்துக்கென வந்தவர்களை ஜெரஜாத் தீவில் தடுத்து வைத்துச் சோதித்த பின்னரே உள்ளே விட்டனர். அங்கிருந்து கூலிம், லுனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் எனக் கெடாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு அவர்கள் சென்று சேர்ந்தனர். கிட்டப்பா புகழின் உச்சியில் இருந்த 1930, 1931, 1932ஆம் ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை வீழ்ந்து, வேலையிழந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அத்தகைய காலத்தில் பால்மரம் சீவிய ஒருவன் பாட்டுப்பெட்டி வாங்குவது கனவிலும் இயலாதது. கிராணி வீட்டிலோ கடைக்காரர் வீட்டிலோ பெட்டி பாடும். லயத்து மக்கள் வெளியே நின்று கேட்பர். நாடகம் காணத் தாயகம் செல்ல முடியாதவர்களுக்குத் தட்டே நாடகமாயிற்று. தோட்டக் கோயில் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ ஆடிய உள்ளூர்க் கலைஞர்களுக்கும் தட்டே வாத்தியார். வேடன் பாட்டு இப்படித்தான் என்பதை அவர்கள் பெட்டியின் முன் அமர்ந்தே கற்றனர்.

1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படைகள் கெடாவின் வழியே தெற்கே இறங்கின. தாயகத்துக் கப்பல் நின்றது. புதிய தட்டுகளின் வரவும் நின்றது. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாமலே போயினர். அக்கொடிய மூன்றரை ஆண்டுகளில் வீடுகளில் எஞ்சிய பழைய தட்டுகளின் அருமை எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அதற்குள் கிட்டப்பா மறைந்து எட்டாண்டு ஆகியிருந்தது.

அவருடைய இறுதி நாட்கள் துயரம் மிக்கவை. ஓயாத இரவு நாடகங்களும், ஊர்விட்டு ஊர் செல்லும் அலைச்சலும், குடும்பத்துச் சஞ்சலமும், அவற்றோடு மதுப்பழக்கமும் சேர்ந்து அவர் உடலைச் சீர்குலைத்தன. மது எத்தனை குடும்பங்களின் விளக்கை அணைத்தது என்பதைத் தோட்டப்புறத்தில் வாழ்ந்த எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கள்ளுக்கடையின் நிழல் விழாத லயம் இந்நாட்டில் இருந்ததில்லை. 1933ஆம் ஆண்டு திருவாரூரில் நாடக மேடையில் பாடிக் கொண்டிருக்கையில் அவர் மயங்கி விழுந்தார். பின்னர் தேறவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. இருபத்தேழு ஆண்டும் மூன்று திங்களும் சில நாட்களுமே அவர் இவ்வுலகில் வாழ்ந்தார்.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. நகைகளைக் களைந்து, வெள்ளைச் சேலை உடுத்து, பால் அருந்துவதையும் விட்டார் என்பர். ஆண் நடிகருடன் இணைந்து நடிப்பதில்லை என உறுதி பூண்டார். ஈராண்டு கழித்து 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நடிக்க அவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது. அந்நாளில் எவரும் கேட்டறியாத தொகை அது. அப்படத்திலும் அவர் நந்தனாராக ஆண் வேடமே பூண்டார். 1953இல் ‘ஔவையார்’, 1964இல் ‘பூம்புகார்’, 1965இல் ‘திருவிளையாடல்’, 1967இல் ‘கந்தன் கருணை’ எனத் தொடர்ந்த அவரது திரைத்தொண்டு பக்தியுலகம் நன்கறிந்தது. 1970ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. 1980இல் மறையும் வரை, நாற்பத்தேழு ஆண்டுகள், அந்த வெள்ளைச் சேலையை அவர் களையவில்லை. வள்ளியாக அன்று வேலனை எதிர்த்துப் பாடிய அதே குரலே, ஔவையாராக முருகனை வாழ்த்திப் பாடியது. ஒலிபெருக்கியில் அக்குரலைக் கேட்கும் அன்பர்கள் கிட்டப்பாவின் தட்டையும் ஒருமுறை கேட்பாராயின், அம்மையாரின் உச்ச ஸ்தாயி யாரோடு போட்டியிட்டு வளர்ந்தது என்பது தானே விளங்கும்.

கிட்டப்பாவின் பாணி அவரோடு முடியவில்லை. எம். கே. தியாகராஜ பாகவதரும் டி. ஆர். மகாலிங்கமும் அவ்வழியில் நடந்தவர்களே. பாகவதர் ‘பவளக்கொடி’யில் தோன்றியது 1934ஆம் ஆண்டு; கிட்டப்பா காலமான மறு ஆண்டு. இன்னும் ஒரு சில ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் திரையுலகில் அவர் எந்த இடத்தில் இருந்திருப்பார் என எண்ணிப் பெருமூச்செறிந்த இரசிகர்கள் ஒரு தலைமுறை முழுதும் இருந்தனர்.

வினைல் என்னும் நெகிழ்வான பொருளாலான நீண்ட தட்டு 1948இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எனினும் இந்தியாவில் அரக்குத் தட்டு 1960களின் இறுதி வரை நீடித்தது. பின்னர் பழைய பாடல்கள் பல வினைல் தட்டுக்கும், ஒலிநாடாவுக்கும், குறுந்தகட்டுக்கும் ஏறின. இவையனைத்திலும் கிட்டப்பாவின் குரல் ஒற்றை ஒலித்தடத்திலேயே வரும். இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின் என்று பிரித்துக் காட்டும் ஸ்டீரியோ முறை அதில் இல்லை. குரலும் ஆர்மோனியமும் தாளமும் ஒரே புள்ளியிலிருந்து எழுகின்றன. இது குறையாகச் சிலருக்குத் தோன்றலாம். இரண்டு ஒலிபெருக்கிகளை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் எதிரே வைத்துக் கேட்டுப் பழகியவர்கள், கொட்டகையில் ஒருவர் முன்னின்று பாடுவதைக் கேட்பதற்கு அதுவே நெருக்கமானது என்கின்றனர். தூய்மைப்படுத்துகிறோம் என்று இரைச்சலை அடியோடு நீக்கிய மறுபதிப்புகளைவிட, சற்றே இரைச்சலோடு வரும் பதிப்பே மேல் என்பதும் அவர்கள் கூற்று. இரைச்சலோடு சேர்த்துப் பிருகாவின் கூர்மையையும் அரம்போட்டு மழுக்கிவிடுகின்ற பதிப்புகள் உள்ளன என்பதால் அக்கூற்றைத் தள்ளுவதற்கில்லை.

கெடாவில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் வழிவிட்டும் மறைந்தன. லயங்களைக் காலி செய்தபோது குப்பையோடு போன பழந்தட்டுகளுக்குக் கணக்கில்லை. எங்கேனும் ஒரு வீட்டுப் பரணில், தாத்தாவின் தகரப் பெட்டியில் அத்தகைய தட்டு இன்றும் இருக்கக்கூடும். காணக் கிடைத்தால் சில செய்திகளை மனத்திற் கொள்வது நலம். அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடைந்துவிடும். ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நூல்களைப்போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். இந்நாட்டு ஈரக் காற்றில் காகித உறையில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் உறையை மாற்ற வேண்டும். நீண்ட தட்டுக்குரிய மெல்லிய ஊசியை அதன்மேல் வைக்கலாகாது. அரக்குத் தட்டின் கோடு ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமானது. அதற்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு பருமனுள்ள முனை தேவை. மெல்லிய ஊசியோ கோட்டின் அடியில் கிடக்கும் தூசியையே பாடும். தட்டு சுழலும் வேகமும் சரியாக இருத்தல் வேண்டும். வேகம் சற்றுக் கூடினாலும் சுருதி ஏறிக் கிட்டப்பாவின் குரல் குழந்தைக் குரலாகிவிடும். தூசியைத் துடைக்க மெல்லிய துணியும், நீரில் சிறிதளவு சோப்பும் போதும். நடுவிலுள்ள பெயர்ச்சீட்டில் ஈரம் படக்கூடாது. எரிசாராயம் கலந்த எதையும் கொண்டு துடைக்கவே கூடாது. சாராயம் பட்டால் அரக்கு கரைந்து, கோடும் அதிலுள்ள குரலும் ஒருங்கே அழிந்துவிடும்.